ஏழரை ஷில்லிங் கூலி: ஸ்டீவ் புளூமரின் கால்பந்து வாழ்க்கை

கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் கால்பந்து ஒரு தொழிலாக மாறத் தொடங்கிய காலத்தில் ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கை எப்படி இருந்தது? நல்ல சம்பளம் கிடைத்ததா? வயதாகி ஆட்டத்தை விட்ட பிறகு பிழைப்புக்கு என்ன செய்தார்கள்?

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: ஸ்டீவ் புளூமர். டெர்பி கவுண்டி, மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து அணி ஆகியவற்றுக்கு ஆடியவர். முதல் உலகப் போருக்கு முந்தைய இங்கிலாந்து லீகில் அவரைவிட அதிகம் கோல் அடித்தவர் கிடையாது. அந்தத் தொழிலில் உச்சிக்குப் போன ஒருவருக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்துகொண்டால், மற்றவர்களின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். புளூமரைப் பட்டறையிலிருந்து வந்த கூலித் தொழிலாளி என்று வைத்துப் பார்த்தால்தான் அவர் வாழ்க்கையில் எடுத்த முடிவுகள் எனக்கு விளங்குகின்றன. 40 வயதில் அவர் ஏன் பெர்லினுக்குப் போனார் என்பது உட்பட.

1874 ஜனவரி 20 அன்று வூஸ்டர்ஷர் மாவட்டத்தின் கிராட்லியில் பிறந்தார். சங்கிலியும் ஆணியும் அடித்துப் பிழைத்த ஊர் அது. நிலக்கரிப் புகை படிந்து கிடந்ததால் சுற்றுவட்டாரத்துக்கே 'கருப்பு நாடு' என்று பெயர். தந்தை கேலப் இரும்பு வேலை செய்தவர். ஸ்டீவுக்கு ஐந்து வயது இருக்கும்போது குடும்பம் வேலை தேடி டெர்பிக்கு வந்தது. ரயில்வே பணிமனைகளும் வார்ப்பாலைகளும் நிறைந்த நகரம். பையன் பள்ளியை விட்டதும் கொல்லுப்பட்டறைக்குப் போனான். பகலில் சம்மட்டி, சனிக்கிழமை மதியம் பந்து.

அந்தச் சனிக்கிழமை மதியம் முக்கியமானது. ஆலைகளில் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை வந்த பிறகுதான் தொழிலாளிகளுக்கு ஆடவும் பார்க்கவும் நேரம் கிடைத்தது. இங்கிலாந்தில் இன்றும் சனிக்கிழமை மூன்று மணிதான் கால்பந்தின் மரபான நேரம். அதற்கு முன்பு ஆட்டத்தின் விதிகளை எழுதி, சங்கத்தை நடத்தி, கோப்பைகளை வென்றவர்கள் எல்லாம் பெரிய பள்ளிகளில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள். விளையாட்டுக்குக் காசு வாங்குவது இழிவு என்பது அவர்கள் எண்ணம். லங்காஷர் ஆலை நகரங்களின் கிளப்புகள் ரகசியமாகப் பணம் கொடுத்து ஆட்களைச் சேர்த்தன. ஸ்காட்லாந்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். 1884இல் பிரஸ்டன் கிளப்பை நடத்திய வில்லியம் சடெல் 'ஆமாம், கொடுக்கிறோம்' என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். கிளப்புகள் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் வைத்துவிடும் என்ற நிலை வந்ததும், 1885 ஜூலையில் கால்பந்துச் சங்கம் தொழில்முறை ஆட்டத்தை அனுமதித்தது. சம்பளம் என்றால் வாராவாரம் பணம் வேண்டும். அதற்கு வாராவாரம் ஆட்டம் வேண்டும், டிக்கெட் விற்க வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான் 1888இல் 12 கிளப்புகளோடு லீக் பிறந்தது. அந்தப் பன்னிரண்டில் டெர்பி கவுண்டியும் ஒன்று.

லீக் தொடங்கும்போது புளூமருக்கு வயது 14. அவர் முன்னால் யாரும் போட்டுவைத்த பாதை கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். பயிற்சிப் பள்ளி இல்லை, முகவர் இல்லை. தேவாலயப் பள்ளி அணி, டெர்பி ஸ்விஃப்ட்ஸ் என்ற உள்ளூர் அணி, டட்பரி ஹாதார்ன் என்ற கிராமத்து அணி என்று ஆடி வந்தவரை டெர்பி கவுண்டி சேர்த்துக்கொண்டது. தொழில்முறை வீரராக முதல் சம்பளம் வாரம் 7 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. ஆக, வாரம் ஏழரை ஷில்லிங். குடும்பம் நடத்துவதற்கு அது போதாது. பட்டறைக் கூலியோடு சேர்ந்தால் உபரி வருமானம், அவ்வளவுதான்.

1892 செப்டம்பர் 3, ஸ்டோக் அணிக்கு எதிராக முதல் ஆட்டம். டெர்பி 3-1 என்று வென்றது. பையனுக்கு வயது 18. உயரம் சுமார் 5 அடி 7 அங்குலம், ஒல்லியான உடம்பு, வெளிறிய முகம். 'வெளிறிய மூஞ்சி' என்பதே பட்டப்பெயராகிவிட்டது. கோல் மேல் கோலாக அடிக்கத் தொடங்கிய பிறகு இன்னொரு பெயரும் வந்தது: 'அழிக்கும் தேவதை'.

அவரை உருவாக்கியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது ஜான் குடால். 1888-89 பருவத்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் லீகையும் ஒரு கோல்கூட வாங்காமல் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்ற பிரஸ்டன் அணியில் நடுநாயகமாக இருந்தவர் அவர். அடுத்த பருவத்திலேயே டெர்பிக்கு வந்துவிட்டார். பந்தைத் தூக்கி அடித்துவிட்டுக் கும்பலாகத் துரத்திய காலத்தில், பந்தை ஒருவருக்கொருவர் காலால் கொடுத்து இடத்தை உருவாக்கும் பாணியைப் பழகியவர். எங்கே நிற்க வேண்டும், எப்போது பந்தை விட வேண்டும் என்பதையெல்லாம் புளூமருக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். பயிற்சியாளர் என்ற பதவியே சரியாக உருவாகாத நாளில், மூத்த ஆட்டக்காரர் இளையவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்குவதுதான் பயிற்சி. பட்டறையில் மூத்த கொல்லர் தொழில் சொல்லிக்கொடுப்பது போலத்தான் இதுவும்.

சரி, அவர் எப்படி ஆடினார்? இதைச் சொல்வதற்கு முன் அன்றைய ஆட்டம் எப்படி இருந்தது என்று பார்த்துவிட வேண்டும். பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று, முன்னால் ஐந்து. புளூமர் அந்த ஐவரில் வலப்பக்கம் உள்ளே நிற்கும் இன்சைடு ரைட். பந்து தோலால் ஆனது, மழையில் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சே இல்லை, கால் உடைந்தாலும் பத்துப் பேரோடுதான் முடிக்க வேண்டும். பெனால்டி விதியே 1891இல்தான் வந்தது. கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையால் தொடலாம். 1912இல்தான் அந்த உரிமையைப் பெனால்டி பகுதிக்குள் சுருக்கினார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஆஃப்சைடு, அதாவது பந்து அனுப்பப்படும் நேரத்தில் முன்னால் நிற்பவர் எதிரணியைத் தாண்டி நிற்கக் கூடாது என்ற விதி. இன்று முன்னால் நிற்பவருக்கும் கோலுக்கும் இடையே எதிரணியினர் இரண்டு பேர் இருந்தால் போதும். 1925 வரை மூன்று பேர் இருக்க வேண்டியிருந்தது. முன்வரிசை ஆட்டக்காரருக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று கால்பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். புளூமரின் கோல் கணக்கைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

அந்தக் கட்டுப்பாட்டுக்குள் அவர் கண்டுகொண்ட வழி வேகம். ஓட்ட வேகத்தை மட்டும் சொல்லவில்லை. பந்து காலுக்கு வந்ததும் நிறுத்தி, நேர்படுத்தி, காலை ஓங்கி அடிப்பதுதான் அன்றைய வழக்கம். புளூமர் பந்து வந்த வேகத்திலேயே, எந்தக் கால் கிட்டத்தில் இருக்கிறதோ அந்தக் காலால், தரையோடு தரையாகச் சுடுவார். ஓங்கல் இல்லாததால் கோல்கீப்பருக்கு முன்னறிவிப்பு கிடைக்காது. பார்க்காமலேயே பந்தைச் சக ஆட்டக்காரரின் பாதையில் தள்ளிவிடுவதிலும் அவருக்குப் பெயர் உண்டு.

1895இல் டெர்பி கவுண்டி குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பேஸ்பால் கிரவுண்டுக்குக் குடிபெயர்ந்தது. இங்கிலாந்துக் கால்பந்து மைதானத்துக்கு ஏன் பேஸ்பால் பெயர் என்று கேட்பீர்கள். பிரான்சிஸ் லே என்ற வார்ப்பாலை முதலாளி அமெரிக்கா போய் வந்து பேஸ்பால் மேல் ஆசைப்பட்டு, தன் ஆலையை ஒட்டி அமைத்த திடல் அது. டெர்பி பேஸ்பால் அணியில் புளூமரும் ஆடினார், இரண்டாம் பேஸில். புதுத் திடலில் நடந்த முதல் லீக் ஆட்டத்தில் சண்டர்லாந்தை டெர்பி 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் புளூமர் அடித்தவை. அந்தப் பருவத்தில் டெர்பி லீகில் இரண்டாம் இடம், ஆஸ்டன் வில்லா முதலிடம்.

அதே 1895இல், மார்ச் மாதம், இங்கிலாந்துக்காக முதல் ஆட்டம். டெர்பி நகரத்திலேயே, அயர்லாந்துக்கு எதிராக. 9-0 என்ற அந்த வெற்றியில் புளூமருக்கு இரண்டு கோல். இதற்குப் பத்து ஆண்டுகள் முன்னால் பிளாக்பர்னின் ஜேம்ஸ் ஃபாரஸ்ட் முதல் தொழில்முறை ஆட்டக்காரராக இங்கிலாந்துக்கு ஆடியபோது, கூலி வாங்குகிறவரோடு ஆடுவதா என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். புளூமர் வந்த நேரத்தில் அந்த ஆட்சேபம் அடங்கிவிட்டிருந்தது. ஆனால் இரண்டு வர்க்கங்கள் ஒரே சட்டை போட்டு ஆடுகிற நிலை தொடர்ந்தது. புளூமருக்குப் பக்கத்தில் சென்டர் ஃபார்வர்டாக நின்றவர் ஜி. ஓ. ஸ்மித், ஆக்ஸ்ஃபர்டில் படித்த ஆசிரியர், கடைசிவரை சம்பளம் வாங்காமல் ஆடியவர். கொல்லுப்பட்டறைப் பையனும் ஆக்ஸ்ஃபர்டு பட்டதாரியும் ஒருவருக்கொருவர் பந்து கொடுத்து அடித்த கோல்களை நினைத்தால் எனக்கு அந்தக் காலத்தின் மேலேயே ஒரு பிரியம் வருகிறது.

முதல் பத்து சர்வதேச ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் கோல் அடித்தார். 1896 மார்ச்சில் கார்டிஃபில் வேல்ஸுக்கு எதிரான 9-1 வெற்றியில் அவர் பங்கு ஐந்து. 1901இல் அதே வேல்ஸுக்கு எதிராக நான்கு. 1907இல் ஸ்காட்லாந்துக்கு எதிரான கடைசி ஆட்டத்திலும் ஒரு கோல். மொத்தம் 23 ஆட்டங்கள், 28 கோல்கள். 12 ஆண்டுகளில் வெறும் 23 ஆட்டமா என்று தோன்றும். அன்று இங்கிலாந்துக்கு ஆண்டுக்கு மூன்றே ஆட்டம்தான்: ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து. அடித்த 28 கோலும் இந்த மூன்று அணிகளுக்கு எதிராகத்தான்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். புளூமர் லீகின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் 536 ஆட்டங்களில் 352 கோல் அடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இரண்டு வெவ்வேறு கணக்குகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. 352 என்பது லீக் ஆட்டங்களின் மொத்தக் கணக்கு: டெர்பிக்கு 293, மிடில்ஸ்பரோவுக்கு 59. அதில் டெர்பி இரண்டாம் டிவிஷனில் இருந்தபோது அவர் ஆடிய இரண்டு பருவங்களில் அடித்த 38 கோல்களும் அடக்கம். அவற்றைக் கழித்தால் முதல் டிவிஷனில் 314. அந்த 536 ஆட்டங்கள் இந்த 314க்கு உரியவை. 314 ஒன்றும் சின்ன எண் இல்லை. இங்கிலாந்தின் உச்ச டிவிஷன் வரலாற்றில் ஜிம்மி கிரீவ்ஸ் மட்டும்தான் 357 கோல்களோடு அவருக்கு மேலே இருக்கிறார். கோல் குவிப்பில் பேர்போன டிக்ஸி டீனும் ஆலன் ஷியரரும் கீழேதான். மிகைப்படுத்தாமல் சொன்னாலே அவர் பெருமை குறையாது என்பதால்தான் சரியான எண்ணைச் சொல்ல நினைக்கிறேன்.

ஐந்து பருவங்களில் முதல் டிவிஷனில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். 1899 ஜனவரியில் ஷெஃபீல்டின் வெட்னஸ்டே அணியை டெர்பி 9-0 என்று வென்ற ஆட்டத்தில் தனியாளாக ஆறு கோல். இத்தனை இருந்தும் ஒரு பெரிய கோப்பைகூட அவர் கையில் ஏறவில்லை.

1898 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் இதில் மிகவும் வலிப்பது. எதிரணி பக்கத்து ஊரான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். ஐந்தே நாள் முன்னால்தான் லீகில் ஃபாரஸ்டை டெர்பி 5-0 என்று நசுக்கியிருந்தது, புளூமருக்கு அதில் மூன்று கோல். கோப்பை டெர்பிக்குத்தான் என்று ஊரே நினைத்தது. ஆனால் அந்த லீக் ஆட்டத்தில் ஃபாரஸ்ட் தன் முக்கிய ஆட்களில் பலரை ஓய்வில் உட்கார வைத்திருந்தது. ஏப்ரல் 16, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம். புளூமர் தலையால் முட்டிய பந்து மேல் கம்பத்தில் பட்டு உள்ளே போனது. டெர்பிக்கு அந்த ஒரு கோல்தான். ஃபாரஸ்ட் 3-1. அடுத்த ஆண்டு அரையிறுதியில் ஸ்டோக்கை மூன்று கோல் அடித்து வீழ்த்தினார். இறுதியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு எதிராக இடைவேளையில் டெர்பி முன்னிலையில் இருந்தது, முடிந்தபோது 4-1 தோல்வி. 1903இல் மறுபடியும் இறுதி. புளூமர் காயத்தால் ஆடவில்லை. கோல்கீப்பர் ஜாக் ஃப்ரையர் காயத்தோடு இறங்கி, தாங்க முடியாமல் வெளியேறினார். பரி அணி 6-0. எஃப்.ஏ. கோப்பை இறுதியில் அதைவிடப் பெரிய தோல்வி இன்றுவரை இல்லை, 2019இல் வாட்ஃபோர்டு அதைச் சமன் செய்ததோடு சரி.

பேஸ்பால் கிரவுண்டிலிருந்து விரட்டப்பட்ட நாடோடிகள் இட்ட சாபம்தான் காரணம் என்று டெர்பியில் ஒரு கதை உண்டு. டெர்பிக்காரர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டெர்பி சின்ன ஊர், வருமானம் குறைந்த கிளப். நல்ல முன்வரிசை ஒன்று அமைந்தது, அதற்கு ஈடான பின்வரிசையைக் கட்டிக் காப்பாற்றப் பணம் இல்லை.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன், சம்பளம். புகழ் ஏற ஏற புளூமரின் கூலியும் ஏறியது. ஆனால் 1901இல் ஒரு கூரை போட்டார்கள்: எந்த வீரருக்கும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது, வெற்றிக்கென்று தனிப் பரிசுத்தொகையும் கூடாது. கைதேர்ந்த தொழிலாளி வாரம் 2 பவுண்டை எட்டினாலே பெரிது என்ற காலத்தில் 4 பவுண்ட் நல்ல தொகைதான். அதை வாங்கும் வீரர் நல்ல வீட்டில் இருக்கலாம், நல்ல துணி போடலாம். ஆனால் இருபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி புளூமரைப் பார்க்க வந்தாலும், அதே கூரைதான். அவர் பெயரில் கால்பந்துக் காலணிகள் விற்பனைக்கு வந்தன என்பது கொஞ்சம் உபரி.

கூரையைவிடக் கொடுமையானது ஒப்பந்த முறை. ஒரு வீரர் ஒரு கிளப்பில் பதிவு செய்துவிட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அந்தப் பதிவு கிளப்பின் கையில்தான். கிளப் விடுவிக்காவிட்டால் லீகில் வேறெங்கும் ஆட முடியாது. கிளப் நினைத்தால் விலைக்கு விற்கலாம். விற்ற பணத்தில் வீரருக்கு உரிமை இல்லை. பட்டறைத் தொழிலாளிக்குக்கூட இந்த முதலாளி வேண்டாம் என்று அடுத்த பட்டறைக்குப் போகும் சுதந்திரம் இருந்தது. இங்கிலாந்தின் முதன்மைக் கோல்வீரருக்கு அது இல்லை. சம்பளக் கூரை 1961 வரை நீடித்தது. இந்தப் பதிவு முறையை 1963இல்தான் நீதிமன்றம் தகர்த்தது.

1906 மார்ச்சில் புளூமருக்கு நடந்தது இதுதான். டெர்பிக்குப் பண நெருக்கடி. 14 ஆண்டு ஆடிய ஊர்க்காரரை 750 பவுண்டுக்கு மிடில்ஸ்பரோவிடம் விற்றார்கள். டெர்பி ரசிகர்கள் நொந்துபோனார்கள். மிடில்ஸ்பரோவுக்கு அப்போது செலவுக்கு அஞ்சாத கிளப் என்ற பெயர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆல்ஃப் காமன் என்ற வீரருக்கு 1,000 பவுண்ட் கொடுத்து நாட்டையே அதிர வைத்திருந்தது. ஆயிரம் பவுண்டுக்கு ஒரு மனிதனா என்று பத்திரிகைகள் புலம்பின. காமனும் புளூமரும் சேர்ந்து ஆடியதில் மிடில்ஸ்பரோ அந்தப் பருவத்தில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காமல் மயிரிழையில் தப்பித்தது. புளூமரை விற்ற டெர்பியோ அடுத்த ஆண்டே, 1907இல், முதன்முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 750 பவுண்ட் எத்தனை மலிவு என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

மிடில்ஸ்பரோவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆடினார். அந்தக் காலத்தைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. கோல் அடித்தார், வயது ஏறியது, காயங்கள் வந்தன.

1910 இலையுதிர்காலத்தில் டெர்பிக்கே திரும்பினார். வயது 36. அவரை அழைத்த மேலாளர் ஜிம்மி மெத்வன், பழைய நாட்களில் அவரோடு பின்வரிசையில் ஆடியவர். கிளப் இன்னும் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. வேகம் குறைந்திருந்தது, ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று குடால் சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை. முதல் பருவத்தில் 20 கோல், அடுத்ததில் 18. 1911-12இல் டெர்பியும் செல்சியும் 54 புள்ளிகளோடு சமமாக முடித்தன, அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுக்கும் கோல் சராசரியில் டெர்பி சாம்பியன். 38 வயதில் புளூமருக்குக் கிடைத்த ஒரே லீக் பட்டம், இரண்டாம் டிவிஷன் பட்டம். 1914 ஜனவரியில், 40 வயதானதும், கடைசி ஆட்டம்.

அப்புறம் என்ன செய்வது? கையில் பெரிய சேமிப்பு கிடையாது. தெரிந்த தொழில் இரண்டு. பட்டறை வேலைக்கு 40 வயதில் திரும்பிப் போக முடியாது. மற்றது கால்பந்து. அதைச் சொல்லிக்கொடுக்க இங்கிலாந்தில் வேலை இல்லை. அணியை இயக்குநர்கள் தேர்வு செய்தார்கள். பயிற்சி என்றால் திடலைச் சுற்றி ஓடுவதுதான். ஐரோப்பிய நாடுகளோ ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளத் துடித்துக்கொண்டிருந்தன. ஆகவே பழைய ஆங்கில, ஸ்காட்டிஷ் வீரர்கள் பலர் வியன்னா, புடாபெஸ்ட், பெர்லின் என்று புறப்பட்டார்கள். இங்கிலாந்துக்கு வேண்டாதவர்கள் ஐரோப்பாவுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். கால்பந்து வரலாற்றில் இந்தப் பயணத்துக்கு இன்னும் உரிய இடம் கொடுக்கப்படவில்லை என்பது என் எண்ணம். புளூமருக்கு பெர்லினின் பிரிட்டானியா கிளப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது. 1914 ஜூலையில் அங்கே போய்ச் சேர்ந்தார். மூன்று வாரம்கூட முழுதாக இருந்திருக்க மாட்டார், போர் வெடித்துவிட்டது.

நவம்பர் 6 அன்று ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் ஆண்களை, 17 வயது முதல் 55 வரை, கைது செய்யத் தொடங்கினார்கள். பெர்லினின் மேற்கே ரூலெபன் என்ற குதிரைப் பந்தயத் திடல்தான் சிறை முகாம். தங்க இடம் குதிரை லாயங்கள். குதிரை ஒன்று நின்ற தடுப்புக்குள் ஆறு பேர், மிச்சம் பேர் மேலே வைக்கோல் பரணில். நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள்: மாலுமிகள், வியாபாரிகள், மாணவர்கள், இசைக்காரர்கள், குதிரை ஓட்டிகள். பிற்காலத்தில் நியூட்ரானைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் சாட்விக் அப்போது இளம் மாணவராக அங்கே அடைபட்டு, லாயத்திலேயே சோதனைகள் செய்துகொண்டிருந்தார்.

கால்பந்துக்காரர்களும் ஒரு கூட்டமாகவே இருந்தார்கள், பலரும் புளூமரைப் போல வேலை தேடிப் போனவர்கள்தான். இங்கிலாந்துக்கு ஆடிய ஃப்ரெட் பென்ட்லண்ட், சாம் உல்ஸ்டன்ஹோம். எவர்ட்டனிலும் டாட்டனமிலும் ஆடிய ஜான் பிரியர்லி. பிறகு ஜான் கேமரன். இந்தக் கேமரன் யார் என்றால், 1898இல் தொடங்கிய முதல் வீரர்கள் சங்கத்தின் செயலாளர், அப்புறம் டாட்டனத்தின் ஆட்டக்கார மேலாளராக 1901இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றவர். ஆட்டக்காரர்களின் உரிமைக்குச் சங்கம் அமைத்தவரும், இங்கிலாந்துக்காக 28 கோல் அடித்தவரும் ஒரே முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள்.

முகாமுக்குள் அவர்கள் ஒரு கால்பந்துச் சங்கம் அமைத்தார்கள். பென்ட்லண்ட் தலைவர், கேமரன் செயலாளர். 1915 மார்ச்சில் பந்தயத் திடலின் ஒரு பகுதியில் ஆட அனுமதி கிடைத்ததும், தங்கும் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி என்று லீக்கே நடந்தது. அந்த மே மாதம் 'இங்கிலாந்து' என்ற பெயரில் ஓர் அணியும் 'உலகம்' என்ற பெயரில் ஓர் அணியும் மோதின, ஆயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள். 41 வயது புளூமர் இங்கிலாந்துக்கு ஆடினார். கிரிக்கெட்டும் ஆடினார். பசியும் குளிரும் முள்வேலியும் சூழ்ந்த இடத்தில், சனிக்கிழமை மதியத்துக்கு ஒரு ஆட்டம் இருக்கிறது என்பது எத்தனை பேரை மனம் உடையாமல் காத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். புளூமரின் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான், கோல் கணக்கு அதற்குப் பிறகுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே கழித்து, 1918 மார்ச்சில் நடுநிலை நாடான நெதர்லாந்துக்கு விடுவிக்கப்பட்டார். ஆம்ஸ்டர்டாமில் பிளாவ்-விட் அணிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, போர் முடிந்ததும் ஊர் திரும்பினார்.

1923இல் மறுபடியும் கடல் கடந்தார், இந்த முறை ஸ்பெயின். பிரெஞ்சு எல்லையை ஒட்டிய இருன் என்ற சிறிய ஊரின் ரியல் யூனியன் அணிக்குப் பயிற்சியாளர். ஸ்பெயினில் தேசிய லீக் அப்போது இல்லை, மன்னர் கோப்பைதான் உச்சம். 1924 மே மாதம் சான் செபாஸ்டியனில் நடந்த இறுதியில் ரியல் மாட்ரிட்டை 1-0 என்று வென்று ரியல் யூனியன் கோப்பையைத் தூக்கியது. ஆட்டக்காரராக இருந்தபோது இரண்டு இறுதி ஆட்டங்களில் நழுவிய கோப்பை, 50 வயதில், வேறொரு நாட்டில், அவர் பயிற்றுவித்த பையன்களுக்குக் கிடைத்தது. ரூலெபன் நண்பர் பென்ட்லண்டும் ஸ்பெயினில்தான் பெயர் எடுத்தார், 1930, 1931 ஆண்டுகளில் அத்லெடிக் பில்பாவோவை லீக் சாம்பியனாக்கினார்.

கடைசிக் காலம் டெர்பியில். பேஸ்பால் கிரவுண்டில் பொதுவான வேலைகளுக்கு உதவியாளராகக் கிளப் அவரை வைத்துக்கொண்டது. உள்ளூர்ப் பத்திரிகைக்கும் எழுதினார். வாலிபத்தில் கோல் அடித்த திடலில் முதுமையில் கூலிக்கு வேலை. இதைக் கேட்டு வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரோடு ஆடிய பலருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. கிளப் அவரைக் கைவிடவில்லை. உடல்நலம் கெட்டபோது, தேறி வரட்டும் என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் கப்பல் பயணம் அனுப்பிவைத்தது. 1938 வசந்தத்தில் திரும்பி வந்தவர் சில வாரங்களில் இறந்தார். தேதி ஏப்ரல் 16. ஃபாரஸ்டிடம் கோப்பையை இழந்து சரியாக 40 ஆண்டுகள்.

டெர்பி முதன்முறையாக எஃப்.ஏ. கோப்பையை வென்றது 1946இல். இன்று கிளப் ஆடுவது பேஸ்பால் கிரவுண்டில் இல்லை, பிரைடு பார்க்கில். அங்கே சொந்த அணியின் வீரர்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் புளூமரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. 2009 ஜனவரியில் வைத்தார்கள். ஒவ்வொரு சொந்த மைதான ஆட்டத்துக்கு முன்பும் ஒலிபரப்பும் கிளப்பின் பாட்டு, புளூமர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லும் பாட்டு.